கேன் வந்த வழி

நீந்தத் தெரியும், நீந்த முடியும், நீந்தலாம். தமிழ் பேசுகிற யாரும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. முதலாவது கற்றுக்கொண்ட வித்தை. இரண்டாவது உடம்பின் தெம்பு. மூன்றாவது அனுமதி, அல்லது தடையில்லாத நிலை. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கும் நீச்சல்காரருக்கு நீந்தத் தெரியும், ஆனால் முடியாது. கட்டுப் பிரித்த பிறகு முடியும், ஆனால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கூடாது. இன்றைய ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ‘கேன்’ என்ற ஒரே சொல் போதும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் போதாது. அன்று அங்கேயும் மூன்று சொற்கள், கிட்டத்தட்ட நம்முடையவை போலவே, தனித்தனி வேலை பார்த்தன. பிறகு அவை ஒன்றன் இடத்தை ஒன்று பிடித்துக்கொண்டே நகர்ந்தன. ‘கேன் என்றால் திறன், மே என்றால் அனுமதி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த விதி அந்த நகர்வின் நடுவே எடுத்த ஒரு புகைப்படம்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினையின் பெயர் ‘குன்னன்’. பொருள்: அறிதல், தெரிந்திருத்தல். அதற்குத் துணைவினை என்ற சிறிய பதவி அப்போது இல்லை. முழு வினையாகவே நின்றது, செயப்படுபொருளையும் நேராக ஏற்றது. ஒருவருக்கு லத்தீன் தெரியும் என்பதற்கு, அவர் லத்தீனைக் ‘கேன்’ செய்கிறார் என்ற மாதிரி வாக்கியம் அமைந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான்: எனக்கு ஜெர்மன் தெரியும் என்று சொல்ல ‘இஷ் கான் டாய்ட்ஷ்’ போதும், பேச என்ற வினை வேண்டாம். அதே மொழியில் கலைக்கு ‘குன்ஸ்ட்’ என்று பெயர். அதுவும் இந்த வினையின் பிள்ளைதான். தெரிந்து செய்வது எதுவோ அது கலை.

ஆங்கிலத்திலும் இந்தக் குடும்பத்தின் பழைய பொருள் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கன்னிங்’ என்றால் இன்று தந்திரம், குயுக்தி. ஆனால் 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அது கைதேர்ந்த தொழிலாளியைப் பாராட்டும் சொல். ‘அன்கூத்’ என்றால் இன்று நாகரிகமற்ற. பிறந்தபோது அதன் பொருள் ‘அறியப்படாத’ என்பது மட்டுமே. அறியாத ஆள் அந்நியன், அந்நியன் முரடன் என்று அந்தச் சொல் இறங்கிப் போயிற்று. ஸ்காட்லாந்தில் ‘கென்’ என்றால் இன்றும் தெரியும் என்று பொருள். விவரமான ஆளைக் ‘கேனி’ என்பார்கள். வீட்டு வாசலில் இறக்கி வைக்கும் தண்ணீர் கேனுக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது பாத்திரத்தைக் குறிக்கும் வேறொரு சொல், ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது.

அறிவுக்குக் கேன், ஆற்றலுக்கு வேறொரு வினை. அந்த வேறொன்றுதான் ‘மே’. இரண்டும் எதிரெதிரே நின்ற ஒரு காட்சி பழைய ஆங்கில உரைநடையில் இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்ற ஊர். அங்கே ஹில்டா என்ற தலைவியின் கீழ் ஒரு மடம் இருந்தது. அவர் 680இல் காலமானார். அந்த மடத்தில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்மன். விருந்துகளில் யாழ் கைமாறி வரும். ஒவ்வொருவரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். யாழ் தன்னை நெருங்குவதைக் கண்டதும் கேட்மன் எழுந்து வெளியே போய்விடுவார். அப்படி ஓரிரவு கொட்டிலில் படுத்திருந்தபோது கனவில் ஒருவர் வந்து, எனக்கு ஏதாவது பாடு என்கிறார். எனக்குப் பாடத் தெரியாது, அதனால்தான் எழுந்து வந்தேன் என்கிறார் கேட்மன். இருந்தாலும் உன்னால் பாட முடியும் என்கிறார் வந்தவர். படைப்பைப் பற்றி அந்த மாட்டுக்காரர் அன்றிரவு பாடினார். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் அவர்தான்.

இதை பீட் என்ற துறவி 731இல் முடித்த லத்தீன் வரலாற்றில் எழுதினார். 9ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அது பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. பரவலாக அச்சாகும் அந்த ஆங்கிலப் பாடத்தில் கேட்மன் மறுப்பது கேன் என்ற வினையால், கனவில் வந்தவர் விடை சொல்வது மே என்ற வினையால். இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்தால் இரண்டு இடத்திலும் கேன் வந்து நிற்கும், உரையாடலின் கூர்மை மழுங்கிப்போகும். தமிழில் மழுங்காது. ‘தெரியாது’ என்றவரிடம் ‘முடியும்’ என்று சொன்னது நமக்கு அப்படியே கேட்கிறது. வித்தை அறியாதவனுக்குள் ஆற்றல் இருக்கிறது என்ற அந்தக் கதையின் உயிரே இந்த இரண்டு வினைகளின் இடைவெளியில்தான் இருக்கிறது.

கேன் என்ற சொல்லின் வேரைத் தோண்டினால் இன்னும் கீழே போகலாம். ஆங்கிலத்தில் அறிதலைக் குறிக்கும் ‘நோ’ இதன் உடன்பிறப்பு. அதன் முன்னால் ஊமையாக நிற்கும் கே என்ற எழுத்து ஒரு காலத்தில் ஒலித்தது. ‘க்னாவன்’ என்பது பழைய உருவம். லத்தீனிலும் கிரேக்கத்திலும் இந்த வேர் ‘க்னோ’ என்று நிற்கிறது. அங்கே முதலெழுத்து மெல்லோசை, அதாவது கங்கையின் இரண்டாவது ‘க’ ஓசை. அந்த மெல்லோசை ஜெர்மானிய மொழிகளில் வல்லோசையாக மாறும் என்பது யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய ஒலிமாற்ற விதிகளில் ஒன்று. சிறுவர் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். சமஸ்கிருதத்தில் இந்த வேர் ‘ஜ்ஞா’. அதிலிருந்து ஞானம், விஞ்ஞானம், அஞ்ஞானம் எல்லாம் நம்மிடம் வந்தன. ஆகவே கேன் என்ற சொல்லும் ஞானம் என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை.

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு சொல். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையைக் கையில் வாங்கினால் நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்தில் பெரும்பாலும் ‘அனுக்ஞை’ என்று அச்சிட்டிருக்கும். அடுத்து விக்னேசுவர பூஜை, பிறகு மற்றவை. அனுக்ஞை என்றால் அனுமதி. யாகத்தைத் தொடங்குமுன் தெய்வத்திடமும் பெரியோரிடமும் உத்தரவு கேட்கும் சடங்கு. அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் இந்த ‘ஜ்ஞா’தான். முன்னால் ‘அனு’ சேர்ந்ததும் அறிதல் அனுமதித்தலாகிவிட்டது. ஆங்கிலத்தில் கேன் என்ற சொல் அறிவிலிருந்து திறனுக்கும் திறனிலிருந்து அனுமதிக்கும் வந்து சேர பல நூற்றாண்டுகள் பிடித்தன. அதே வேர் சமஸ்கிருதத்தில் ஒரு முன்னொட்டின் தோளில் ஏறி ஒரே தாவலில் அங்கே போய்விட்டது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடந்தவை அல்ல.

இனி, ஆங்கிலம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுகிற கேள்வி. ‘ஹி’, ‘ஷி’ வந்தால் வினையோடு எஸ் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கேன், மே, மஸ்ட் வந்தால் சேர்க்காதே என்கிறோம். ஏன் என்று கேட்டால் அது விதிவிலக்கு என்று முடித்துவிடுகிறோம். விலக்கே கிடையாது. அந்த எஸ் நிகழ்கால வினைக்கு மட்டுமே உரியது. ‘ஹி ரேன்’ என்றோ ‘ஹி பிகேன்’ என்றோ இறந்தகாலத்தில் சொல்லும்போது யாரும் எஸ் போடுவதில்லை. கேன் என்பதும் ரேன், பிகேன் போல வடிவத்தில் இறந்தகால வினை. ஓசை ஒத்துப்போவது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அவன் தொடங்கினான் என்பதற்கு அகர உயிரும் அவர்கள் தொடங்கினார்கள் என்பதற்கு உகர உயிரும் வந்தன. கேன், குன்னன் இரண்டும் அதே அச்சில் வார்த்தவை.

இறந்தகால வினை எப்படி நிகழ்காலப் பொருள் தரும்? தமிழருக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை. ‘புரிந்ததா?’ என்று கேட்கிறோம், ‘புரிந்தது’ என்று பதில் வருகிறது. வடிவம் இறந்தகாலம், சொல்வது இப்போதைய நிலை. அறிந்துகொண்டேன், ஆகவே இப்போது அறிவேன். ஆங்கிலத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மிகப் பழைய மொழிநிலையில் இப்படி முடிந்த செயலால் விளைந்த நிலையைச் சொல்லவே ஒரு வினைவடிவம் இருந்தது. பார்த்துவிட்டேன், ஆகவே தெரியும் என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் ‘வேத’ என்று ஒரு வினைமுற்று உண்டு. வேதம் என்ற பெயரும் அதே வேரில் வந்தது. ஆங்கிலத்தில் அதன் உறவு ‘விட்’ என்ற சொல். இந்த அச்சில் அமைந்த சுமார் பன்னிரண்டு வினைகள் பழைய ஆங்கிலத்தில் இருந்தன. கேன், மே, ஷால், டேர், ஆட் ஆகியவை அவற்றின் மிச்சம். நூற்றுக்கணக்கான வினைகளுக்கு நடுவே இவை எஸ் இல்லாமல் நிற்பது ஒழுங்கீனத்தால் வந்தது இல்லை, மிகப் பழைய ஓர் ஒழுங்கின் எச்சம். வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். விதிவிலக்கு என்ற சொல்லால் கேள்வியை மூடுவதைவிட இது மேல்.

இறந்தகாலமே நிகழ்காலத்துக்குப் போய்விட்டதால் புதிதாக ஓர் இறந்தகாலம் தேவைப்பட்டது. ‘கூதெ’ என்று ஒன்று செய்துகொண்டார்கள். அது மெல்ல ‘கூடெ’ ஆயிற்று. அதில் எல் என்ற எழுத்துக்கு இடமே இல்லை. வுட், ஷுட் என்ற இரண்டு தோழர்களிடம் எல் இருந்தது, அவற்றில் அது உண்மையாகவே ஒலித்தும் வந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அவற்றைப் பார்த்து இதற்கும் ஓர் எல்லைச் செருகி எழுதினார்கள். பிறகு அந்த இரண்டிலும் எல் ஊமையாகிவிட்டது. ‘குட்’ என்று எழுதும்போது பிள்ளைகள் அந்த எழுத்தை மறந்தால் சிவப்பு மை விழுகிறது. வரலாற்றுப்படி பார்த்தால் விட்டுவிட்ட பிள்ளையின் பக்கமே நியாயம் இருக்கிறது.

மே என்ற சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இதன் வினையடியைத் தமிழில் எழுதினால் நம் ‘மகன்’ போலவே இருக்கும். தொடர்பு ஒன்றும் இல்லை. பொருள் வலிமை உடையவனாக இருத்தல். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்ற பெயர்ச்சொல் இதே வீட்டுப் பிள்ளை. ஜெர்மனில் அதிகாரத்துக்கு ‘மாஹ்ட்’ என்று பெயர். இதே வேர் கிரேக்கத்தில் கருவியைக் குறிக்கும் சொல்லாக வளர்ந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ‘மெஷின்’ ஆயிற்று. ஜெர்மானிய மே பிரெஞ்சுக்குள் போய், ஆற்றல் ஓய்ந்த நிலையைக் குறிக்கும் ‘டிஸ்மே’ என்ற சொல்லாக ஆங்கிலத்துக்கே திரும்பி வந்தது. தமிழிலும் வல் என்ற வேரிலிருந்து வலிமையும் வந்தது, செய்ய வல்லவர் என்ற வழக்கும் வந்தது. பலத்திலிருந்து இயலுமைக்கு வருவது மொழிகளுக்குப் பழகிய பாதை.

அங்கிருந்து அனுமதிக்கு எப்படி? என்னால் போக முடியும் என்றால் என் பலம் தடுக்கவில்லை என்று பொருள். தடுப்பது எதுவும் இல்லை என்று அதை விரித்துக்கொண்டால், தடுப்பவர் யாரும் இல்லை என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. தடுப்பவர் இல்லாத இடத்தில் அனுமதி தானாக வந்து உட்காருகிறது. இடைக்கால ஆங்கிலத்தில், 1100க்கும் 1500க்கும் நடுவே, மே இந்தப் பக்கம் சாய்ந்தது. அது காலி செய்த பலம் என்ற இடத்தைக் கேன் நிரப்பியது. தெரியும் என்ற சொல் முடியும் என்பதன் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கியது.

ஆனால் மே போய் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருக்கவில்லை. அனுமதிக்கென்றே பழைய ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒரு வினை இருந்தது: ‘மோட்’. நம் ‘லாம்’ விகுதி செய்யும் வேலை அதற்கு. அந்தச் சொல் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஃப்ரீமேசன் சங்கத்தார் தங்கள் பிரார்த்தனையின் முடிவில், அப்படியே ஆகுக என்ற பொருளில், ‘மோட்’ சேர்ந்த பழைய தொடர் ஒன்றை இன்றும் சொல்கிறார்கள். அந்த வினையின் இறந்தகாலம் ‘மோஸ்டெ’. அதுதான் இன்றைய ‘மஸ்ட்’.

இது விந்தையிலும் விந்தை. மஸ்ட் இரண்டு முறை இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்குக் குடிவந்த சொல். மோட் ஏற்கெனவே அப்படி வந்த வினை. அதன் இறந்தகாலமும் பிறகு நிகழ்காலமாயிற்று. இன்று மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கேட்டால் ‘ஹேட் டு’ என்று வேறிடத்தில் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. பொருளிலும் அது ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனது: போகலாம் என்றது போக வேண்டும் என்றாயிற்று. பெரியவர்கள் ‘நீங்கள் போகலாம்’ என்று சொல்லும்போது அது அனுமதியா உத்தரவா என்று நமக்கே சில நேரம் சந்தேகம் வருகிறதல்லவா, அந்த இடத்தில்தான் ஒரு சொல் கரை மாறும்.

பழைய பொருள் முற்றிலும் போய்விடவில்லை. மஸ்ட் என்றால் வேண்டும் என்றால், மஸ்ட் நாட் என்றால் வேண்டாம், தேவையில்லை என்றல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அதன் பொருள் கூடாது. வேண்டும் என்பதன் மறுப்பாக அதைப் பார்த்தால் கணக்கு உதைக்கும்; அனுமதியின் மறுப்பாகப் பார்த்தால் நேராகிவிடும். மோட் என்ற சொல்லின் பழைய பொருளோடு மஸ்ட் நாட் இன்றும் சரியாகப் பொருந்துகிறது. நம் கூடும், கூடாது என்ற இணையிலும் இதே சாய்வு உண்டு. மழை வரக்கூடும் என்பது வாய்ப்பு. நீ அங்கே வரக்கூடாது என்பது தடை. உடன்பாட்டில் ஒரு திசையும் மறுப்பில் ஒரு திசையும். மாட்டேன் என்பது இன்னும் அழகு. மாட்டு என்ற வினைக்குப் பழந்தமிழில் இயலுதல் என்று பொருள். மாட்டேன் என்றால் என்னால் ஆகாது. இன்று அது விருப்பமின்மையைச் சொல்லும் சொல். ‘எழுந்திருக்கமாட்டாமல் கிடக்கிறார்’ என்று சொல்கிறவர்கள் வாயில் மட்டும் பழைய இயலாமை அப்படியே இருக்கிறது.

இப்படிப் பார்த்தால் மூன்று சொற்களும் ஓரோர் இடம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. அறிவு என்ற இடத்திலிருந்த கேன் ஆற்றலுக்கு வந்தது. ஆற்றலிலிருந்த மே அனுமதிக்கு வந்தது. அனுமதியிலிருந்த மோட் கட்டாயத்துக்குப் போயிற்று. கேன் அதோடு நிற்கவில்லை. அனுமதி கேட்கவும் கொடுக்கவும் அது 19ஆம் நூற்றாண்டு எழுத்திலேயே வந்துவிட்டது. மே எந்த வழியாகப் போனதோ அதே வழியில், ஆற்றலிலிருந்து அனுமதிக்கு, கேன் பின்னாலேயே வந்து கதவைத் தட்டுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மே ஐ கமின் சார்’ என்ற தொடர் ஒரே சொல்லாகவே புழங்குகிறது. கேன் ஐ என்று கேட்கும் பிள்ளையிடம், உன்னால் முடியுமா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளை கூனிக் குறுகிப் போகும். அந்தக் கேள்வி நியாயமானதல்ல என்பது என் உறுதியான எண்ணம். இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ரென், மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் திருத்திய பதிப்பே, அனுமதிக்கு இரண்டும் வரும், மே சற்று முறைசார்ந்தது என்றுதான் சொல்கிறது. மே என்று கேட்பது கூடுதல் மரியாதை, அதைக் கற்றுக்கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் கேன் என்று கேட்ட பிள்ளை இலக்கணப் பிழை செய்யவில்லை. ‘கொஞ்சம் நகர முடியுமா?’ என்று பேருந்தில் நம்மிடம் கேட்கிறார்கள். கேட்பவர் நம் கால் வலுவைச் சோதிக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு தடுமாற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஐ கேன் ஏபிள் டு’ என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகிறது. கேன் என்பதற்குள் ஏபிள் அடக்கம் என்று சொல்லித் திருத்துகிறோம். திருத்தம் சரியே. ஆனால் ஏபிள் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கேன் எல்லா வினைகளையும் போல முழு உருவங்களோடு இருந்தது. ‘டு கேன்’ என்று சொல்ல முடிந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பொது ஆங்கிலத்தில் அந்த உருவங்கள் உதிர்ந்துபோயின. ஸ்காட்லாந்தின் பேச்சில் இன்னும் ‘வில் கேன்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள், எதிர்காலத்தில் முடியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல்லான ஏபிள் என்பதைத் துணைக்கு அழைத்தார்கள். உதிர்ந்த பல்லுக்குக் கட்டிய பல் அது. பல் இருக்கிற இடத்திலும் அதை வைத்துக் கட்டும்போதுதான் நம் ஊர்த் தொடர் பிறக்கிறது.

மே இன்று பேச்சில் சுருங்கிவிட்டாலும் சட்டத்தின் மொழியில் செல்வாக்கோடு இருக்கிறது. ஓர் அதிகாரி உரிமம் ‘வழங்கலாம்’ என்று சொல்லும் சட்டப் பிரிவுகளில் ஆங்கிலத்தில் மே என்றே இருக்கும். நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிய பிறகும், வழங்கலாம் என்றுதானே இருக்கிறது, வழங்கியே ஆக வேண்டும் என்று இல்லையே என அதிகாரி மறுக்கலாமா? இந்தக் கேள்வி இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பலமுறை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஒரு குடிமகனின் உரிமை அந்த அதிகாரத்தைச் சார்ந்திருக்கும்போது, சூழலையும் சட்டத்தின் நோக்கத்தையும் பார்த்து, அந்த இடத்தில் மே என்பதைக் கட்டாயமாகவே படிக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. ஒவ்வொரு பிரிவையும் தனியே பார்த்துத்தான். அனுமதியிலிருந்து கட்டாயத்துக்கு மோட் போன அதே தடத்தில், வழக்கு வழக்காக, மே இப்போது நடந்துகொண்டிருக்கிறது.